மொட்டை மாடியில் என் மனைவியின் குரல்

அந்த வருடம் எங்கள் மாடி அறையில் குடியிருந்த வெளிநாட்டுப் பெண்மணி மௌன விரதத்தில் இருந்தார். செங்கம் சாலையை ஒட்டிய எங்கள் தெருவில் இது ஒன்றும் அதிசயமில்லை. ஆசிரமத்துக்கு வருகிறவர்களில் சிலர் மாதக்கணக்கில் பேசாமல் இருப்பார்கள். வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் அது சௌகரியம்தான். தண்ணீர்த் தொட்டி விஷயத்தில் மட்டும் அது சிக்கலானது.

தொட்டி அவர் அறையின் கூரைமேல் இருந்தது. நிரம்பி வழிந்தால் தண்ணீர் நேராக அவர் வாசலில் கொட்டும். வேறு யாராக இருந்தாலும் மேலிருந்தே ஒரு சத்தம் போட்டிருப்பார்கள். இவரால் முடியாது. நனைந்த தலையோடு படியிறங்கி வந்து, எங்கள் கதவருகே கைகூப்பிச் சிரித்தபடி நிற்பார். நாங்களாகப் பார்த்தால்தான் உண்டு.

"திட்டிட்டாக்கூட பரவால்லீங்க. இப்படி சிரிச்சிக்கினு நிக்கறாங்களே, எனக்கு ஒரு மாதிரி ஆவுது" என்றாள் என் மனைவி.

மோட்டாரைப் போட்டுவிட்டு மறப்பவன் நான். காரணம், கைபேசியில் நான் சேர்ந்திருந்த எலக்ட்ரானிக்ஸ் குழு. பல ஊர்களில் இருந்து, என்னைப்போல அலுவலகம் போய் வந்து சாலிடரிங் அயர்னைச் சூடுபண்ணுகிறவர்கள் அதில் இருந்தார்கள். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஒருவர் பழைய ரேடியோவின் வயிற்றைத் திறந்து படம் போடுவார். இன்னொருவர் தினமும் தன் ஊர் மேகத்தைப் பற்றி நாலு வரி எழுதுவார். அவர் சர்க்யூட் எதுவும் செய்து நாங்கள் பார்த்ததில்லை. யார் எதைச் செய்தாலும் "இதுதான் கடையில ரெடிமேடா கிடைக்குதே" என்று கேட்பதற்கென்றே ஒருவர் இருந்தார். அவருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்த நேரங்களில்தான் தொட்டி பெரும்பாலும் வழிந்தது.

தொட்டி நிரம்பினால் குரல் கொடுக்கிற ஒரு கருவி செய்ய முடிவு செய்தேன். தண்ணீர் மேலே வந்ததும் ஒரு மிதவை எழும்பும், சுவிட்ச் விழும், குரலைப் பதிந்துவைக்கிற சிறிய சிப் ஒன்று பேசும். எல்லாவற்றையும் ஒரு டப்பாவுக்குள் அடக்கி, படமெடுத்துக் குழுவில் போட்டேன். பாராட்டுகள் வந்தன. மனைவியிடமும் பெருமையாகக் காட்டினேன். அவள் சர்க்யூட்டைப் பார்க்கவில்லை.

"இது என் புளியோதர டப்பா."

"மழ பட்டாலும் தண்ணி உள்ள போவாது. அதான்."

"அது தெரிஞ்சிதான் நான் வாங்குனேன்."

அந்த வருத்தத்தைச் சரிசெய்யத்தான் குரல் அவளுடையதாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். "தொட்டி நிரம்பிவிட்டது, மோட்டாரை நிறுத்தவும்" என்று அமைதியாகச் சொன்னால் போதும். அவளும் நாலைந்து முறை அழகாகவே சொன்னாள். ஒவ்வொரு முறையும் நான் பொத்தானைச் சரியாக அழுத்தவில்லை. "இன்னும் ஒரு வாட்டி" என்று கேட்டபோது பொறுமை இழந்து, "எத்தன வாட்டி சொல்றது, மோட்டார நிறுத்துங்க" என்றாள். அது பதிவாகிவிட்டது. தெளிவாக, ஏற்ற இறக்கத்தோடு, கேட்டால் எழுந்து போகத் தோன்றும்படி இருந்தது. மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

பழைய ஸ்பீக்கர் ஒன்றை இணைத்து மேலே மாட்டினேன். அது கொஞ்சம் ஜாஸ்தியாகப் போய்விட்டது. முதல் நாள் காலை தொட்டி நிரம்பியதும் தெருவில் அத்தனை மோட்டார்களும் அடுத்தடுத்து நின்றன. எதிர்வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே வந்தார்.

"உங்க வீட்ல சத்தம் போட்டாங்கன்னு போய் ஆஃப் பண்ணிட்டேங்க. அப்புறந்தான் யோசிக்கிறேன், எங்க டேங்க் பாதிகூட ரொம்பல."

மனைவி அன்று பூராவும் வாசலுக்கு வரவில்லை. நான் ஸ்பீக்கரின் சத்தத்தைக் கம்மி செய்தேன். ஒரு வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மாடிப் பெண்மணி நனையவில்லை. எதிரில் பார்த்தால் எனக்குத் தனியாக ஒரு கும்பிடு போட்டார்.

அப்புறம் பௌர்ணமி வந்தது. கிரிவலம் வந்த ஒரு கூட்டம், நெரிசலுக்கு ஒதுங்கி எங்கள் தெருவுக்குள் வந்து, சாயங்காலம் எங்கள் மதிலோரம் உட்கார்ந்து புளிசாதப் பொட்டலங்களைப் பிரித்தது. நான் கேட்டுக்குள் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். மேலே நல்ல காற்று. தொட்டி மூடியைக் குரங்கு ஏற்கெனவே கழற்றிப் போட்டிருந்ததால் தண்ணீர் உள்ளே அலையடித்திருக்கிறது. மிதவை மேலும் கீழும் ஆட, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சிப் முதலிலிருந்து ஆரம்பித்தது. மோட்டார் என்ற சொல்லுக்கே அது போகவில்லை.

"எத்தன வாட்டி சொல்றது" என்றது மாடி.

கூட்டத்தில் மூத்த அம்மா ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "தோ எழுந்துட்டோம்மா. கால் வலிக்குதுன்னு செத்த நாழி குந்துனோம்."

"எத்தன வாட்டி சொல்றது."

"இப்பதான் மொத வாட்டி சொல்றீங்க" என்றார் அந்த அம்மா, நியாயமாக.

"எத்தன வாட்டி சொல்றது, எத்தன வாட்டி சொல்றது."

பொட்டலங்களைச் சுருட்டத் தொடங்கினார்கள். அதற்குள் என் மனைவி செம்பில் தண்ணீரோடு ஓடிவந்து, "நீங்க ஒக்காருங்கம்மா, அது நான் இல்ல" என்றாள். அவள் வாயை மூடிய பிறகும் அதே குரல் மேலிருந்து அவர்களை விரட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மா அவளையும் மாடியையும் மாறி மாறிப் பார்த்தார். "கூடப் பொறந்தவங்களா?" என்று கேட்டார். நான் மாடிக்கு ஓடி ஒயரைப் பிடுங்கினேன்.

குழுவில் நடந்ததை எழுதினேன். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், சுவிட்ச் விழுந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றால்தான் பேசவேண்டும், அதற்கு ஒரு கெபாசிட்டர் போதும் என்று படம் வரைந்து அனுப்பினார். ரெடிமேட் ஆசாமி வழக்கமான கேள்வியைக் கேட்டார். மேகம் எழுதுகிறவர் மட்டும், அந்த அம்மா சாப்பிட்டு முடித்தாரா என்று விசாரித்தார். முடித்தார், போகும்போது என் மனைவிக்குத் திருநீறு பூசிவிட்டுப் போனார் என்று எழுதினேன்.

கெபாசிட்டர் வைத்ததும் கருவி திருந்தியது. ஆனால் பேட்டரியை மாற்றவேண்டும் என்பதை நான் மறந்துபோனேன். ஒருநாள் கதவு தட்டப்பட்டது. மனைவி திறந்தாள். மாடிப் பெண்மணி சொட்டச் சொட்ட நின்றிருந்தார். அவருடைய மௌனம் அந்த வாரம்தான் முடிந்திருந்தது. கைகூப்பினார். பிறகு, அதே ஏற்ற இறக்கத்தோடு, "எத்தன வாட்டி சொல்றது, மோட்டார நிறுத்துங்க" என்றார்.

அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வாக்கியம் அது. வணக்கம் மாதிரி ஏதோ மரியாதைச் சொல் என்று நினைத்திருக்கிறார். அர்த்தத்தை விளக்கியதும் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். என் மனைவி சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மாசக்கணக்கில் மேலும் கீழுமாக இருந்த இருவரும் அன்றுதான் உட்கார்ந்து காபி குடித்தார்கள். அரைகுறை இங்கிலீஷில் என்னைப் பற்றித்தான் பேசினார்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாகவே நின்றுவிடுகிறது. பேச்சு கிடையாது. அந்தச் சர்க்யூட்டை எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் குழுதான். மனைவியும் குழுவில் சேர்ந்துவிட்டாள். போன மாதம், மிக்சியில் தேங்காய் அரைத்தால் மட்டும் டிவியில் கோடு விழுவது ஏன் என்று கேட்டிருந்தாள். என் கருவிக்கு வந்ததைவிட அதிகப் பதில்கள் வந்தன. ரெடிமேட் ஆசாமி, "நல்ல கேள்வி மேடம்" என்று எழுதியிருந்தார்.