அம்மாவின் சாட்சியால் போன கட்டணச் சலுகை

என் தங்கை எஸ்தரின் படிப்புக்கு உதவித்தொகை கிடைத்தது. எங்களுக்கு வந்த கஷ்டமே அதுதான். சிரிக்காதீர்கள் சபையாரே, முழுவதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எங்கள் ஊர் எம். புதுப்பட்டி. அப்பா இல்லை. அம்மா வெடி கம்பெனியில் கம்பி மத்தாப்பு வேலை பார்க்கிறாள். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்துவிட்டு, சிவகாசியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். வீட்டுக்கு வந்த மூளையை எஸ்தரே எடுத்துக்கொண்டாள். விருதுநகரில் ஒரு காலேஜ் எங்கள் நிலைமையைப் பார்த்துக் கட்டணம் முழுவதையும் தள்ளுபடி செய்துவிட்டது. ஹாஸ்டலும் சாப்பாடும் மட்டும் எங்கள் பாடு.

அதற்கும் வழி பிறந்தது. நான் பேப்பர் லோடு அடிக்கும் கடையின் பாய், ஜமாஅத் வியாபாரிகள் ஏழைப் பிள்ளைகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டுவதாகச் சொல்லி, எஸ்தர் பெயரையும் சேர்த்தார். அந்தப் பணம் ஹாஸ்டலுக்கு ஆகும் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. செக் வருமுன்பே ஞாயிறு ஆராதனையில் எழுந்து, மகளுக்கு ஃபீஸ் கிடைத்துவிட்டது என்று அழுதுகொண்டே சாட்சி சொன்னாள். சபையே கைதட்டியது. அதே காலேஜ் ஆபீசில் வேலை பார்க்கும் மேரியக்காவும் தட்டினார்.

செவ்வாய்க்கிழமை எஸ்தர் போனில் அழுதாள். வெளியிலிருந்து ஃபீஸ் வந்தால், அந்த அளவுக்குச் சலுகையைக் குறைப்பது காலேஜ் விதியாம். குறைத்துவிட்டார்கள். பாய் தரும் பணத்தை ஃபீஸே விழுங்கிவிடும். வெள்ளிக்கிழமைக்குள் ஹாஸ்டலுக்குக் கட்டாவிட்டால் ரூமைக் காலி பண்ண வேண்டும். லேப் முடியும் நேரத்தில் எங்கள் ஊருக்குப் பஸ் கிடையாது.

அம்மா நேராக, வெடி கம்பெனிக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் வேன்காரரிடம் போய், இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குமா என்று கேட்டுவிட்டு வந்தாள். அந்த ஆள் எஸ்தர்.

எனக்கு எல்லாமே கேலிதான். அன்று கேலி வரவில்லை. முட்டி போட்டேன். அழகாக ஜெபிக்கத் தெரியாது. "ஆண்டவரே, ஒரு கையில குடுத்து மறு கையில வாங்குனது நீங்களா, காலேஜா? காலேஜுன்னா கொஞ்சம் போயிக் கேளுங்க" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் மேரியக்கா வீட்டு வாசலில் நின்றார். சண்டைக்கு வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் அவர் அழுதுவிட்டார். சந்தோஷத்தில் ஆபீசில் சொன்னது இப்படி ஆகிவிட்டதாம். மனசு கேட்காமல் பிரின்சிபாலிடமே போய்க் கேட்டிருக்கிறார். அதை அம்மாவிடம் சொன்னார்.

"ஃபீசுக்குன்னு வந்தாத்தான் சலுகைய கொறைப்பாகளாம்க்கா. ஹாஸ்டலுக்குன்னு வந்தா தொட மாட்டாக. குடுக்குறவகள மாத்தித் தரச் சொல்லுங்க."

அம்மா கூசிப்போய் என் பக்கம் திரும்பினாள். "குடுக்கேன்னவககிட்டயே போயி, அப்பிடிக் குடுங்க இப்பிடிக் குடுங்கன்னு எந்த மொகத்த வச்சுலே கேக்க?"

என் முகத்தை வைத்துக் கேட்டோம். அதற்கு வெட்கம் பழக்கமில்லை. வியாழக்கிழமை கடையில் நான் சொல்லச் சொல்ல, பாய் கல்லாவை மூடிவிட்டுக் கேட்டார்.

"பிள்ள படிக்கத்தான குடுக்கோம். தலைக்குப் போனா என்ன, வயித்துக்குப் போனா என்ன" என்றார். ஆனால் ஃபீஸ் என்று பேசி முடித்ததை அவர் ஒருவராக மாற்ற முடியாது. வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை முடிந்துதான் மற்றவர்களைக் கேட்க முடியும்.

கடைசி நாளும் அதே வெள்ளிக்கிழமை. பள்ளிவாசலுக்கு எதிரே ஆட்டோவை நிறுத்திக்கொண்டு இயேசப்பாவைக் கூப்பிட்டேன். அட்ரஸ் மாறிவிட்டது என்று அவர் திருப்பி அனுப்பவில்லை. பாய் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வந்தார்.

"எல்லாரும் சரின்னுட்டாகலே. வண்டிய எடு, நானும் வாரேன்."

சலவைச் சட்டையோடு பேப்பர் பண்டல்களுக்கு நடுவே உட்கார்ந்து விருதுநகர் வரை வந்து, ஹாஸ்டலுக்கென்று எழுதிய செக்கைத் தன் கையாலேயே கொடுத்தார். ஆபீஸ் பூட்டுவதற்குள் எஸ்தரின் சலுகை முழுதாகத் திரும்பி வந்தது. அல்லேலூயா!

இப்போது போன் பண்ணினால் அவள் எடுப்பதில்லை. படிக்கிறாளாம். பிரசங்கத்தில் தூங்குகிறவர்களை எண்ணுவதற்கென்றே சபைக்கு வந்துகொண்டிருந்த நான், இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன்.

உங்கள் பிள்ளைக்கும் வெளியிலிருந்து உதவி வந்தால், எதற்கென்று கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். காலேஜில் மறைக்காமல் சொல்லி, அங்கேயும் கேளுங்கள். ஆண்டவரிடமும் கேளுங்கள். வார்த்தை வராதே என்று தயங்க வேண்டாம். என் ஜெபத்தையே கேட்டவர் அவர்.