மடங்கிய கை

கட்டட வேலையில் கிரேன் ஓட்டுகிறவன் நான். அந்த உயரத்திலிருந்து யார் முகமும் எனக்குத் தெரியாது, கீழே நின்று சைகை காட்டும் கொக்கின் கை மட்டும்தான் தெரியும். முஷ்டியை மடக்கினால் நிறுத்து, விரித்த கையைத் தாழ்த்தினால் இறக்கு. கொக்கு என் தங்கை புருஷன். வேலையில் கண்ணைச் சிமிட்டாமல் நிற்பான் என்று வைத்த பட்டம் அது.

அதெல்லாம் போன் வாங்குவதற்கு முன்பு. பிறகு சாப்பாட்டிலும் போன், கக்கூசிலும் போன். தங்கை எது சொன்னாலும் "ம்" என்பான். என்ன சொன்னேன் என்று அவள் திருப்பிக் கேட்டால் திருதிருவென்று முழிப்பான். "இவரு என்னைப் பார்க்கணும்னா நானும் அந்தப் பொட்டிக்குள்ள போய் ஆடணும்ண்ணே" என்றாள். நாங்கள் சிரித்தோம். எங்கள் சிரிப்பில் தீயை வைக்க.

ஒரு நாள் கம்பிக்கட்டு அந்தரத்தில் தொங்கியது. எங்களோடு வேலை செய்யும் கொக்கின் தம்பி, ஒதுங்கி நிற்க வேண்டியவன், அதற்கு நேர் கீழே தலையைக் குனிந்தபடி நின்றிருக்கிறான். ஏன் அங்கே நின்றான் என்று பிறகும் யாரும் கேட்கவில்லை. கொக்கின் முஷ்டி விரிந்தது, கை தாழ்ந்தது. நான் இறக்கிவிட்டேன். ஐயோ, அது எனக்குச் சொன்ன சைகையே இல்லை! பையில் போன் அதிர, கை தானாக அங்கே போயிருக்கிறது. கொத்தனார் போட்ட கூச்சலில் தம்பி துள்ளி விலகி விழுந்தான். அவன் செருப்பு ஒன்று கம்பிக்கடியில் நசுங்கிக் கிடந்தது.

மறுநாள் கொக்கு போனை வீட்டில் வைத்துவிட்டு வந்தான். அப்படியும் வெளிறிப்போய் என்னிடம் ஓடிவந்தான்.

"மச்சான், பையில ஒண்ணுமே இல்ல. ஆனா தொடை அதிருது, கையும் போகுது. என் கையே என் தம்பிக்கு எமனாயிடும் போலிருக்கே!"

"நீ கொஞ்ச நாள் லீவு போடு மாப்ளே" என்றேன். எனக்கும் அவன் கையைப் பார்க்கவே பயமாக இருந்தது.

வீட்டில் முஷ்டியை உயர்த்திப் பிடித்து நின்று பழகினான். பிள்ளைகள் டிவியை அலறவிடுவார்கள்; தங்கை வேண்டுமென்றே "ஏங்க, போன் அடிக்குது" என்பாள். முதலில் டீத்தண்ணீர் கொதிக்கும்வரைகூட அவனால் நிற்க முடியவில்லை. எரிச்சலில் கால்சட்டைப் பைகளின் வாயைத் தைத்துவிட்டான். மெல்ல மெல்ல, அவள் சமையல் முடிக்கும்வரை நின்றான்.

வேலைக்குத் திரும்பி வந்த அன்று மணல் வாளி ஒன்றை நடுவில் வைத்தான். "எல்லாரும் போனை இதுல போடுங்க." நானும் போட்டேன். தம்பி மட்டும் போடாமல் நின்றான்.

"அண்ணே... அன்னிக்கு உனக்கு வீடியோ அனுப்பினது நான்தான். கம்பிக்குக் கீழ நின்னுக்கிட்டே அனுப்பினேன். நீ சிரிப்பேன்னு நெனச்சேன்."

அடப்பாவி! அறைந்துவிடுவான் என்று நினைத்தேன். கொக்கு தம்பியின் போனைப் பிடுங்கி வாளியில் போட்டான். பிறகு தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போனான்.

"இன்னும் தள்ளி நில்லுடா. இன்னும்."

நான் மேலே ஏறினேன். கம்பிக்கட்டைத் தூக்கினேன். கீழே முஷ்டி மடங்கியது. அது ஆடுவது அத்தனை உயரத்திலும் எனக்குத் தெரிந்தது. ஆனால் விரியவில்லை.