நாடாத் தொப்பிப் பிள்ளைகள்

அந்தப் புத்தகத்தை முகத்துக்குக் கிட்டப் பிடித்து விரித்தால், நனைந்து காய்ந்த காகிதத்தின் மணத்தோடு சப்பாத்து மையின் மணமும் சேர்ந்து வரும். அது கிடந்த பெட்டிக்குள் யாரோ பழைய சப்பாத்துகளையும் போட்டு வைத்திருந்தார்கள். ஜூலை முதலாம் திகதி மொன்றியல் நகரமே வீடு மாறுகிற நாள் என்பதால், போகிறவர்கள் தூக்கிச் செல்ல மனமில்லாத சாமான்களை நடைபாதையில் வைத்துவிட்டுப் போவார்கள், தேவைப்படுகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டுக் கதிரைகளில் இரண்டும் மேசை விளக்கும் அப்படி வந்து சேர்ந்தவைதான். அந்த வருடம் அப்பா அந்தப் பெட்டியைத் தோளில் சுமந்து வந்து என் முன்னால் இறக்கி, "இந்தா பிள்ளை, புத்தகம். வாசிக்கத் தெரியாட்டிப் படத்தைப் பார்" என்றார். எனக்கு அப்போது ஏழு வயது.

வாசிக்கத் தெரியாது என்பது உண்மைதான். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, வீட்டில் தமிழ், புத்தகமோ ஆங்கிலம். தலைப்புப் பக்கம் கிழிந்து போயிருந்ததால் வரைந்தவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது; விக்டோரியா மகாராணி காலத்து அச்சு என்பதை மட்டும் பிற்காலத்தில், நானே சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரையத் தொடங்கிய பிறகு, கண்டுகொண்டேன். படங்களை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு இப்போதும் சொல்வேன். முகத்தைச் சுற்றி விளிம்பு வைத்துத் தாடைக்குக் கீழே நாடாவால் கட்டிய தொப்பிகளோடு சிறுமிகள், நெஞ்சுக்குச் சற்றுக் கீழேயே இடுப்பு வைத்துக் கணுக்கால் வரை இறங்கும் வெள்ளைச் சட்டைகள், வளையம் உருட்டும் சிறுவர்கள், ஒரே மட்டத்தில் வெட்டிய பச்சை வேலிகள், காய்த்துத் தொங்கும் ஆப்பிள் மரங்கள். ஒரு பக்கத்திலும் மழை பெய்யவில்லை, ஒரு பிள்ளைக்கும் மூக்கு ஒழுகவில்லை, யாரும் யாரையும் கூப்பிட்டு ஒரு வேலையும் சொல்லவில்லை.

நாங்கள் கோட்-டெ-நேஜில் ஒரு "மூன்றரை"யில் இருந்தோம்; இந்த ஊரில் குளியலறையை அரை அறையாகக் கணக்கெடுப்பார்கள். அப்பா ஓர் உணவகத்தில் "கோப்பை கழுவ"ப் போனார். அம்மா சபனெல் தெருவில் சட்டை தைத்தார், தைத்தது போதாதென்று கழுத்துப் பட்டிகளை மூட்டையாகக் கட்டி வீட்டுக்கும் கொண்டுவந்தார். அந்தப் பட்டிகளின் ஓரத்தில் தொங்கும் நூல்களைச் சின்னக் கத்தரிக்கோலால் நறுக்குவது பள்ளிக்கூடம் விட்டு வந்தபின் என்னுடைய வேலை, அதற்கு வீட்டில் "நூல் வெட்டுறது" என்று பெயர். புத்தகத்தை முழங்காலுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு வெட்டுவேன். "பட்டியைப் பாத்து வெட்டு, படத்தைப் பாத்து வெட்டாதை" என்பார் அம்மா. எனக்கு அந்த வேலையில் ஒரு குறையும் தெரியவில்லை, ஆனால் படத்திலிருந்த பிள்ளைகள்தான் சரியான பிள்ளைகள், நான் இன்னும் அப்படி ஆகவில்லை என்று உறுதியாக நம்பினேன்.

அந்த வீட்டில் ஓர் ஆள் குறைவு. எங்களைக் கூட்டி வந்த ஏஜென்சிக்காரர் ஒரு பிள்ளைக்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டதால், சின்னவள் என்று நான் அம்மாவோடு வந்தேன், என்னைவிட மூன்று வயது மூத்த அக்கா யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் சின்னம்மாவுடன் நின்றுவிட்டாள். குடும்பத்தவரை அழைக்கும் "ஸ்பொன்சர்" அனுமதி சரிவந்ததும் வந்துவிடுவாள் என்றார்கள், அது சரிவர நான்கு வருடம் எடுத்தது. அந்த நான்கு வருடமும் எங்களுக்கும் அவளுக்கும் இடையில் இருந்தது கடிதம் ஒன்றுதான்.

ஊருக்குப் போகிற கடிதத்துக்குள் படம் இருக்கவேண்டும், படத்துக்குள் நாங்கள் நன்றாக இருக்கவேண்டும் என்பது அந்த நாட்களில் எங்கள் ஆட்களிடம் எழுதாத சட்டம். அப்பாவின் சிநேகிதர் ஒருவர் கார் வாங்கியபோது ஏழு குடும்பங்கள் வரிசையாக வந்து அதன் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டன, அந்த ஒரு கார் யாழ்ப்பாணத்தில் ஏழு வீடுகளில் ஓடியது. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்து, உள்ளே இருப்பதெல்லாம் தெரிய, பக்கத்தில் நின்று சிரிப்பவர்களும் உண்டு. எங்களிடம் காட்டுவதற்கு அப்படி ஒன்றும் இல்லை. "அவள் பாத்தாச் சந்தோசப்படோணும். நாங்கள் கஷ்டப்படுறம் எண்டு தெரிஞ்சா அந்தப் பிள்ளை சாப்பிடாது" என்று அம்மா கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது நான்தான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன்.

அம்மா அதைத் தையல்காரியின் கண்ணால் பார்த்தார். "இடுப்பை ஏன் இவ்வளவு மேலை வச்சிருக்கினம்" என்று ஒரு குறை சொன்னார், பிறகு மிஞ்சிய துணிகளைப் பொருத்தி இரண்டே நாளில் அச்சொட்டாக அதே சட்டையைத் தைத்துவிட்டார். தொப்பியின் விளிம்பு விறைப்பாக நிற்பதற்குக் காலைச் சாப்பாட்டுக்கு வாங்கும் சீரியல் பெட்டியின் மட்டையை வெட்டி உள்ளே வைத்தார். ஞாயிற்றுக்கிழமை இரவல் கமெராவோடு மூவரும் பஸ் ஏறி, பணக்காரர்கள் இருக்கிற வெஸ்ட்மவுண்டுக்குப் போய், படத்தில் இருந்ததைப் போலவே பச்சை வேலி வைத்த ஒரு வீட்டைத் தேடிப் பிடித்தோம்.

அப்பா என்னைக் "கேற்றடி"யில் நிறுத்தித் தூரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருக்கையில், வீட்டுக்கார வெள்ளைக்காரி கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டார். அப்பா தனக்குத் தெரிந்த "போன்ஜூர்", "மெர்ஸி" இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி என் கையைப் பிடித்து இழுத்தார், ஓடுவதற்குத் தயாரானோம். அந்தப் பெண்மணியோ என் தொப்பியைப் பார்த்தபடியே நின்றார், பிறகு வாயெல்லாம் சிரிப்பாகக் கேற்றைத் திறந்து எங்களை உள்ளே கூப்பிட்டு, ஆப்பிள் மரத்தடியில் என்னை இருத்தி, மடியில் ஒரு பூக்கூடையையும் வைத்தார். தன்னுடைய சிறு வயதுப் புத்தகம் ஒன்று உயிரோடு நடந்து வந்துவிட்டதாக அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். படம் மிக அழகாக வந்தது. அதன் பின்புறத்தில் நான், யாரும் சொல்லித்தராமல், என் கோணல் தமிழில் அந்த வீடும் தோட்டமும் எங்களுடையவை போல "எங்கட வளவு" என்று எழுதினேன். அம்மா வாசித்துவிட்டு உறையை ஒட்டினார்.

அன்றிலிருந்து பூங்காக்களிலும் மாடங்களிலும் யார் யாருடையவோ தோட்டங்களிலும் நான் நாடாத் தொப்பியோடு நின்றேன், சட்டை கட்டையாகக் கட்டையாக அம்மா கீழே பட்டி வைத்து நீட்டிக்கொடுத்தார். முதலில் அக்காவிடமிருந்து நீண்ட கடிதங்கள் வந்தன, வளவில் என்ன மரம் நிற்கிறது, கிணறு இருக்கிறதா என்றெல்லாம் கேட்டிருப்பாள், நானும் கூசாமல் பதில் எழுதினேன். இரண்டாம் வருடம் அவை கட்டையாயின. மூன்றாம் வருடம் சின்னம்மா மட்டும் எழுதினார். "பெரிய பிள்ளையாகிறாள், எழுத வெக்கம்" என்று அம்மா தன்னைத் தேற்றிக்கொண்டார், அவளை உற்சாகப்படுத்துவதற்காக முன்னிலும் அழகான படங்களை அனுப்பினோம். அவள் எங்கள் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தாள், நாங்கள் பூக்கூடையோடு போஸ் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

சண்டையில் ஊர் இடம்பெயர்ந்து, சின்னம்மாவோடு பல இடம் அலைந்து, பிறகு கொழும்புக்கு வந்து, பதின்மூன்று வயதில் அக்கா மிராபெல் விமான நிலையத்தில் இறங்கினாள். மூன்றாம் மாடி ஏறி வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே சமையலறை யன்னல் வரை நடந்து, கீழே குப்பை வாளிகள் வைக்கும் சந்துப் பாதையைப் பார்த்துவிட்டு, "வளவு எங்கை?" என்று கேட்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா அப்பாவைப் பார்த்தார். "பேந்து காட்டுறன் பிள்ளை" என்றார் அப்பா.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அக்கா என்னோடு கதைக்கவில்லை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கேட்டதற்குப் பதில், எனக்கு அதுவும் இல்லை. ஒரே கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுப்பாள். நான்கு வருடமாக ஒவ்வொரு நாளும் வருவாள் வருவாள் என்று காத்திருந்த அக்கா வந்தும் எனக்குக் கிடைக்காமல் போய்விடுவாளோ என்ற பயம், சொன்னால் நம்பமாட்டீர்கள், அவள் ஊரில் இருந்தபோது இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது. புத்தகத்தைப் பட்டி மூட்டைக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

பனி உருகத் தொடங்கிய ஒரு பின்னேரம், நான் நூல் வெட்டிக்கொண்டிருக்க, அக்கா எதிரே வந்து இருந்து அம்மாவின் கத்தரிக்கோலை எடுத்தாள். மூட்டையைத் தன் பக்கம் இழுத்தபோது புத்தகம் வெளியே வந்தது. அவசரப்படாமல் பக்கம் பக்கமாகப் புரட்டி, கேற்றடியில் நிற்கும் சிறுமியிடம் வந்து நின்றாள்.

"இதைப் பாத்தோ தைச்சது?"

"ஓம்."

"கேற்றும் இதைப் பாத்துத்தானோ?"

"அது வேறை ஆக்களின்ரை வீடு."

புத்தகத்தை மூடி வைத்தாள். "நூல் வெட்டுறதை ஏன் எழுதேல்லை?"

"நீ கவலைப்படுவாய் எண்டு அம்மா சொன்னவ."

"நீ நூல் வெட்டுறாய் எண்டு தெரிஞ்சிருந்தா, நான் போனாப் பாதியை வெட்டலாம் எண்டு நினைச்சிருப்பன்" என்றாள். "அந்தப் படங்களிலை ஒண்டும் குறையேல்லை. நான் வந்து எங்கை நிக்கிறது?"

நான் விம்மி விம்மி அழுதேன். அவள் அழவில்லை, பட்டிகளைச் சரிபாதியாகப் பிரித்துத் தன் பங்கை வெட்டத் தொடங்கினாள். அன்று முதல் கதைத்தாள், இன்றுவரை நிறுத்தவில்லை, சில நாட்களில் நிறுத்தினால் நல்லது என்றும் தோன்றும்.

இந்தப் படங்களைப் பற்றி எனக்கு இப்போது நிறையத் தெரியும். அவற்றில் பிள்ளைகள் போட்டிருக்கும் உடுப்புகள் வரைந்த காலத்துக்கு உரியவையே அல்ல, அதற்கும் பல பத்தாண்டுகள் முந்தியவை. தங்களுக்கு முந்திய காலம்தான் இனிமையானது என்று வரைந்தவர்கள் நினைத்தார்கள், வாங்கிய தாய்மார் படத்தைப் பார்த்துத் தங்கள் பிள்ளைகளுக்கும் அதே உடுப்பைத் தைத்துப் போட்டார்கள். ஆகவே அம்மா செய்தது புதுமை ஒன்றுமில்லை. நிற அச்சு பரவுவதற்கு முன்னால் சில பட்டறைகளில் படங்களுக்குக் கையால்தான் நிறம் தீட்டினார்கள் என்றும், அதைச் செய்தவர்களில் பலர் பிள்ளைகளே என்றும், மேசையைச் சுற்றி இருந்து ஒரு பிள்ளை சிவப்பை மட்டும், அடுத்த பிள்ளை நீலத்தை மட்டும் வைத்துத் தாள்களைக் கைமாற்றினார்கள் என்றும் ஒரு நூலகத்தில் முதன்முதலாக வாசித்தபோது, எனக்கு எங்கள் வீட்டுப் பட்டி மூட்டை கண்முன் வந்து நின்றது. விளையாடுகிற பிள்ளைகளின் கன்னத்துக்கு வேலை செய்கிற பிள்ளைகள் சிவப்பு வைத்திருக்கிறார்கள்.

அதற்காக அந்தப் படங்களை நான் வெறுக்கிறேன் என்று நினைக்கவேண்டாம். பொய் என்று சொல்லி ஒதுக்குகிறவர்களோடு நான் சண்டைக்கே போவேன். பெரியவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆசைப்பட்டதைத்தான் அவற்றில் வரைந்தார்கள், எங்கள் அம்மா தைத்ததும் அதைத்தான். பிழை ஆசையில் இல்லை. யாருக்காக வரைந்தோமோ அவர் வந்து இருப்பதற்கு ஓர் இடத்தை விடாததில்தான் இருக்கிறது. நான் வரையும் பக்கங்களில் ஓர் ஓரத்தில் வெறுமையாக ஒரு கதிரையோ படியோ எப்போதும் இருக்கும், பதிப்பாளர் கேட்டால் அழகுக்கு என்று சொல்லிவிடுவேன்.

போன இலையுதிர் காலத்தில் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ நூலகத்தில் பெற்றோர்களுக்கு இந்தப் படங்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். பழைய ஓவியங்களுக்குப் பக்கத்தில் எங்கள் படங்களையும் காட்டினால் நன்றாக இருக்கும் என்று தேடினால், ஒன்றுகூட இல்லை. ஒரு பிரதிதான் அடிப்போம், அதுவும் ஊருக்குப் போய்விடும். அம்மா தையல் வேலைக்குப் போன கட்டடத்தில் இப்போது கணினி நிறுவனங்கள் இருக்கின்றன. வெஸ்ட்மவுண்ட் வீட்டில் வேலி இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். மிராபெலில் பயணிகள் இறங்குவதில்லை. கமெராவை இரவல் வாங்கிய அப்பாவும் இல்லை, வீடு மாறி மாறி வந்ததில் புத்தகமும் எங்கோ போய்விட்டது. லொங்குய்யில் இருக்கும் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன், சனிக்கிழமை ஓர் உறையோடு வந்தாள்.

உறைக்குள் இருந்தது ஒரே ஒரு படம். நான் தெருவோரக் கல்லில் குந்தியிருக்கிறேன், தொப்பி தரையில் கிடக்கிறது, வாயை அகலத் திறந்து அழுகிறேன், மூக்கு ஒழுகுகிறது. அப்பா தவறுதலாக அமுக்கிய படமாக இருக்கவேண்டும், நல்ல படங்களுக்கு இடையில் ஒட்டிக்கொண்டு உறைக்குள் போயிருக்கிறது. அதில் நான் இருப்பது ஒரு பக்கத்தில் மட்டும், மிச்சக் கல் முழுவதும் வெறுமையாக நீண்டு கிடக்கிறது.

"மற்றதெல்லாம் சின்னம்மா வீட்டோடை போயிட்டுது" என்றாள் அக்கா. "வெளிக்கிடேக்கை இதை மட்டும் கொப்பிக்குள்ளை வச்சுக் கொண்டுவந்தனான்."

"இதை ஏன்?"

"இதிலைதான் பக்கத்திலை இடம் இருந்தது."

அப்படியென்றால் என்னோடு கதைக்காத அந்தக் குளிர்காலம் முழுவதும் இந்தப் படம் அவளுடைய பைக்குள் இருந்திருக்கிறது. நூலகத்தில் காட்ட ஒரு நாளைக்குத் தருவாயா என்று கேட்டேன்.

"இது எனக்கு வந்தது" என்று சொல்லி, வாங்கி உறைக்குள் வைத்துக்கொண்டாள்.