தெளித்து வைத்த தெரு

எனக்கு வாய் ஜாஸ்தி என்று எங்கள் பள்ளிக்கூடத்தில் பெயர். அந்த வாய்க்காகவே ஒரு முறை என்னைப் பிடித்து அனுப்பினார்கள். வேலூரில் பெண்கள் பள்ளியொன்றில் நான் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மழை பொய்த்துப் பாலாறு வெறும் மணலாகக் கிடந்தது. பூமி சூடாகிக்கொண்டே போகிறதே, அதற்கு எந்த நாடு எவ்வளவு விட்டுக்கொடுப்பது, என்ன சட்டம் போடுவது என்று தெரிந்துகொள்ள வெளிநாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஆம்பூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்கும் வருகிறார்கள், மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றார்கள். கத்திரி வெயிலில் என் விடுமுறையைக் கெடுக்கிறார்களே என்று எல்லோர் காதிலும் விழும்படி திட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

அந்தக் கிராமத்துப் பெண்கள் விடிந்ததும் கம்பெனி வேனில் ஏறி ஆம்பூருக்கு ஷூ தைக்கப் போவார்கள். ஊர்க் கிணறுகளில் பாதி தோல் தொழிற்சாலைத் தண்ணீர் இறங்கி உப்பாகிவிட்டன, மீதி மழையில்லாமல் வற்றிவிட்டன. நாலு நாளைக்கு ஒரு தடவை டேங்கர் லாரி வரும். அதைப் பிடித்து வைத்துத்தான் குடிக்க வேண்டும், சமைக்க வேண்டும்.

பஞ்சாயத்துத் தலைவி ஒரு பெண்மணி. பெண்களுக்கு ஒதுக்கிய பஞ்சாயத்தில் நின்று ஜெயித்தவர். ஊரே அவரைப் பிரசிடென்ட் அம்மா என்றுதான் கூப்பிட்டது. அவருடைய மகள் பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். "பொறக்கிற புள்ளைய உப்புத் தண்ணியிலயா டீச்சர் குளிப்பாட்டுறது?" என்று முந்தின வாரம் ஏற்பாடுகள் பேசப் போனபோதே என்னிடம் கேட்டிருந்தார். வருகிறவர்கள் ஊரின் கஷ்டத்தைக் கண்ணால் பார்த்து நாலு வார்த்தை சொன்னால், அதை வைத்துச் சட்டசபையில் குடிநீர்த் திட்டத்துக்குப் பேசுகிறேன் என்று எம்.எல்.ஏ. அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பிரசிடென்ட் அம்மா அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டு தெருவில் இருந்த அத்தனை பேருக்கும் நம்பிக்கை சொல்லி வைத்திருந்தார்.

அன்று கம்பெனிக்கு லீவு. காலையில் நான் போய் இறங்கியபோது தெரு முழுக்க ஈரம். புழுதி அடங்க வாசல் தெளித்து, பெரிய பெரிய கோலமாகப் போட்டிருந்தார்கள். பந்தலடியில் பிரசிடென்ட் அம்மா இடுப்பில் குடத்துடன் இன்னும் தெளித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாம்மா இது? தண்ணி இல்லன்னு காட்டத்தானே அவங்கள வரச் சொன்னீங்க?"

"அதுக்காவ? வர்றவங்கள புழுதியிலயா எறக்குறது? ஊரு இன்னா சொல்லும்?"

"உங்களுக்குத் தண்ணி வேணுமா, நல்ல பேரு வேணுமா?"

"ரெண்டும்தான் வேணும் டீச்சர்" என்று சிரித்தார்.

வீட்டுக்கு ஒரு சொம்பு என்று எல்லோரும் கொண்டுவந்து ஊற்றிய தண்ணீர் அது. டேங்கர் வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர நான் செய்வதற்கு ஒன்றுமில்லை.

விருந்தாளிகளின் வேன் வந்தது. கூடவே எம்.எல்.ஏ.வும் வந்தார். அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கல்யாணம், காதுகுத்து, சாவு என்று எதையும் விடாமல் அந்த ஊருக்கு வந்து நிற்கிறவர். எல்லோரும் பந்தலில் உட்கார்ந்ததும், பளபளவென்று தேய்த்த எவர்சில்வர் டம்ளர்களில் தளும்பத் தளும்பத் தண்ணீர் வந்தது. விருந்தாளிகள் கும்பிட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். யாரும் குடிக்கவில்லை. பாட்டில் தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது என்று அவர்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள் போலிருக்கிறது. ஆளுக்கொரு பாட்டில் பையிலேயே இருந்தது.

அவர்களில் தலை நரைத்த ஒருவர்தான் அதிகம் பேசினார். குளிர்தேசத்துக்காரர், தன் நாட்டில் இதற்கென்று ஒரு சட்டம் கொண்டுவர உழைத்துக்கொண்டிருப்பவர் என்று எம்.எல்.ஏ. சொன்னார். கரியும் எண்ணெயும் எரித்து உலகத்தைச் சூடாக்கிவிட்டோம், இனி எல்லா நாடும் சமமாகக் குறைத்துக்கொள்ள வேண்டும், அதுதான் நியாயம் என்று பொறுமையாக விளக்கினார். பிறகு தெருவைப் பார்த்து, நல்ல மனதோடுதான், ஒன்று சொன்னார். நாங்கள் கேள்விப்பட்ட அளவுக்கு இங்கே தண்ணீர்க் கஷ்டம் இல்லை என்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது என்றார்.

அதை நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். பிரசிடென்ட் அம்மாவின் முகம் சுண்டிப்போனதை என்னால் பார்க்க முடியவில்லை. எம்.எல்.ஏ. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிரசிடென்ட் அம்மா எழுந்தார். தண்ணீரைப் பற்றிச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தவரிடம் அவர் அதைச் சொல்வாரா? வேறொன்றைக் கேட்டார்.

"எல்லாரும் சமமா கம்மி பண்ணணும்னு சொல்றாரே, நாங்க எதக் கம்மி பண்ணணும்னு கேளு டீச்சர். வூட்டுக்கு ஒரு பல்பு. அதுவும் பாதி நேரம் கரண்டு கெடையாது. வண்டி வாசி ஒண்ணும் இல்ல. எங்க பொண்ணுங்க தைக்கிற ஷூவ இவங்கதான் போட்டுக்கிறாங்க. அதக் கம்மி பண்ணா எங்க பொண்ணுங்களுக்கு வேலை போய்டும். அவரு ஊருக்குப் போயி சட்டம் போடுறப்ப எங்களுக்கும் சேத்துதான போடுவாரு? அப்ப எதன்னு இப்பவே சொல்லிட்டுப் போவட்டும். நாங்க கம்மி பண்ணிக்கிறோம்."

அவர் குரலில் கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் ஒரு வார்த்தை விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த வயதானவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார், தாழ்வான ஓட்டு வீடுகளைப் பார்த்தார், முன்வரிசைப் பெண்களின் வெறுங்கால்களைப் பார்த்தார், கடைசியில் தன் ஷூவைப் பார்த்தார். பிறகு, எனக்குத் தெரியவில்லை அம்மா என்றார். மேடையேறிய எவரும் இப்படிச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அந்த நிமிடம் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

கூட்டம் முடிந்து எல்லோரும் வேனை நோக்கி நடந்தார்கள். பின்னால் பெண்கள் வந்து, தொடப்படாத டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடத்தில் திரும்ப ஊற்றத் தொடங்கினார்கள். அந்த வயதானவர் வேன் படியில் கால் வைத்தபடி திரும்பிப் பார்த்துவிட்டார். ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று என்னைக் கேட்டார். அதற்கு மேல் நான் யாருக்காக வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்? டேங்கர், வீட்டுக்கு ஒரு சொம்பு, காலையில் தெளித்தது, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன்.

அவர் படியிலிருந்து காலை எடுத்துக் கீழே வைத்தார். நான் போகிற இடமெல்லாம் எனக்கு முன்னால் இப்படித்தான் தெளித்து வைக்கிறார்கள் போலிருக்கிறது என்று மெல்லச் சொன்னார். எல்லோருக்கும் சமம் என்ற பேச்சை இனி என் நாட்டிலும் என்னால் பேச முடியாது என்றார். அங்கே போய் என்ன பேசினாரோ, எனக்குத் தெரியாது. பெரிய நாடுகள் கூடிப் பேசி முடிவெடுக்காமல் கலைந்தன என்று பேப்பரில் படிக்கிற போதெல்லாம், அந்த மனிதர் அங்கே தனியாக எழுந்து நின்றிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைக்கத்தான் எனக்கு ஆசை.

எம்.எல்.ஏ. பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிரசிடென்ட் அம்மாவிடம் திரும்பினார்.

"அப்ப ராத்திரிக்கு இன்னாம்மா பண்ணுவீங்க?"

"இப்பதான் சார் கேக்குறீங்க."

"நான் எத்தினி தபா வந்திருக்கேன்? எப்ப வந்தாலும் தெரு ஈரமாத்தான இருந்துச்சு?"

"நீங்க வர்றீங்கன்னுதான சார் தெளிச்சோம்."

அவர் போய் வேனில் ஏறிக்கொண்டார். வேன் கிளம்பிப் போனது. பிரசிடென்ட் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நானே கெடுத்துட்டேனா டீச்சர்?" என்று கேட்டார். நான் குனிந்து, மிச்சமிருந்த டம்ளர்களை எடுத்துக் குடத்தில் ஊற்றத் தொடங்கினேன்.

அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் பழக்கம் விட்டுப்போகவில்லை. சில மாதங்கள் கழித்து, பேரப்பிள்ளையைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போயிருந்தேன். தூளியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தெருமுனையில் ஒரு மோட்டார் பைக் வந்து நின்றது. யாரோ ஒருவருக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், எம்.எல்.ஏ. வந்திருந்தார். அங்கேயே இறங்கி நடந்தார். அவர் கால் வைத்த இடமெல்லாம் புழுதி கிளம்பி வேட்டியில் படிந்தது.

பிரசிடென்ட் அம்மா பதறிப்போய் உள்ளே ஓடினார். அடுப்படியில் மூடி வைத்திருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். "ஒரு நிமிசம் நில்லுங்க சார், வாச காஞ்சி கெடக்குது" என்று குடத்தைச் சாய்த்தார். நான் வழக்கம்போல் கத்தத்தான் வாயெடுத்தேன். அதற்குள் எம்.எல்.ஏ. வேகமாக வந்து குடத்தின் வாயைக் கையால் மூடினார்.

"உள்ள கொண்டு போய் வைம்மா. கொழந்த இருக்கிற வூடு. ராத்திரிக்கு ஆவும்."