ஜோயாவின் முதல் கணவன்

கிரேக்க நாட்டு சலோனிகாவில் ஜோயாவும் நானும் ஒரே புகையிலைக் கிடங்கில் இலை தரம் பிரித்தோம். கை வேலையில் இருந்தாலும் அவள் வாய் ஓயாது. மேஸ்திரியின் நடையை அவர் முதுகுக்குப் பின்னாலேயே நடந்து காட்டுவாள். அவர் திரும்பினால் தும்மல் வந்ததுபோல் ஒரு பாசாங்கு. அவளுடைய அப்பா பாருக், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர், மலை மாதிரி ஆள். அம்மா மாசல்தோவுக்கு வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தங்கை சோல் இன்னும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

எங்களைப் போன்ற யூதர்களெல்லாம் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்று, ஊரைப் பிடித்திருந்த ஜெர்மானியர்கள் உத்தரவு போட்ட குளிர்காலம் அது. ரயிலடிக்குப் பக்கத்திலிருந்த பேட்டையைச் சுற்றி வேலி அடைத்தார்கள். எங்களை அங்கே கொண்டுபோய், அங்கிருந்து போலந்துக்கு ரயில் ஏற்றுவார்களாம். அங்கே க்ராக்கோவில் வேலை உண்டு, கல்யாணமானவர்களுக்குத் தனி வீடு, ஆகாதவர்களுக்குக் கொட்டடிதான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பினார்களோ, ஊரே நம்பியது. பெண்ணைப் பெற்றவர்கள் அவசர அவசரமாக மாப்பிள்ளை தேடினார்கள்.

என் அண்ணன் மலையிலிருந்த போராளிகளோடு சேரக் கிளம்பிக்கொண்டிருந்தான். நானும் கூடப் போவதாக ஏற்பாடு. ஜோயாவைக் கூப்பிட்டேன்.

"எங்களோட வந்துடுடி."

"எங்கம்மாவை யாரு குளிப்பாட்டுவா? உங்க அண்ணனா?" என்று சிரித்தாள். உடனே முகம் மாறிவிட்டது. "போடி. நீயாவது போ."

பாருக் பிடித்து வந்த மாப்பிள்ளை மெந்தேஷ், மீன்காரர். ஒல்லி, கூச்ச சுபாவம், வாயைத் திறக்கவே யோசிப்பார்.

"போயும் போயும் மீன் நாத்தமா?" என்றாள் ஜோயா.

"உன்மேல மட்டும் என்ன, ரோஜாப்பூவா மணக்குது? புகையிலைக்கு மீன் சரியாப் போச்சு" என்றார் அவள் அப்பா.

கல்யாணத்தன்று ஒரே விதானத்தின் கீழ் ஜோடி ஜோடியாக நிறுத்தி, எங்கள் மதகுரு ரபி கல்யாணம் செய்து வைத்தார். முக்காட்டுத் துணி ஒன்றுதான். ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் போனது. ஜோயா அதைப் போட்டுக்கொண்டு என் பக்கம் சாய்ந்து, "யாரோ அழுத ஈரம்டி, இன்னும் காயலை" என்றாள். மோதிரம் போட வந்த மெந்தேஷ் அவள் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இது மீன் இல்லீங்க, நழுவாது. நிதானமாப் போடுங்க" என்று அவள் சத்தமாகவே சொல்ல, அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் நான் மலைக்குப் போய்விட்டேன்.

போர் முடிந்து திரும்பியபோது ஊரில் எங்கள் ஆட்கள் இல்லை. கோடையில் ஜோயா மட்டும் வந்து சேர்ந்தாள். அவர்கள் வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. வாசல்வரை போனவள், கொடியில் காய்ந்த குழந்தைத் துணிகளைப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டாமலே வந்துவிட்டாள். என் அறையிலேயே தங்கினாள்.

நடந்ததை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். ரயில் போய் நின்ற முகாமில் முடியாதவர்களை லாரியில் ஏற்றினார்கள். பாருக்கின் தோளைப் பார்த்து அவரை வேலைக்காரர்கள் வரிசைக்கு இழுத்தார்கள். "அவளால நடக்க முடியாது, நான்தான் தூக்கணும்" என்று வரிசையை விட்டு வந்து மனைவியைத் தூக்கிக்கொண்டு அவரும் லாரியில் ஏறினார். அந்த லாரியில் போன யாரும் திரும்பவில்லை. சோல் பனிக்காலத்தில் காய்ச்சல் வந்து, ஜோயாவின் பக்கத்தில் படுத்திருந்தபடியே இறந்துபோனாள்.

இவ்வளவும் சொன்னபோது அழவில்லை. கடைசியில், "அந்த மீன்காரர் முகம் எனக்கு ஞாபகம் இல்லைடி" என்றாள். "அடைப்புக்குள்ள ஒரே அறையில மூணு குடும்பம். நடுவுல ஒரு துப்பட்டி. நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்குவேன். அவரும் ஒண்ணும் கேக்கலை."

பிறகு தாவிகோ என்பவர் அவளைப் பெண் கேட்டார். கண்ணாடி பொருத்துகிறவர். மனைவியும் இரண்டு குழந்தைகளும் அந்த முகாமிலேயே போய்விட்டார்கள். ஜோயா சம்மதித்தாள். ஆனால் மெந்தேஷ் இறந்ததைப் பார்த்த சாட்சி வேண்டும், இல்லாவிட்டால் அவள் இன்னும் அவர் மனைவிதான் என்றார் ரபி. விசாரித்து விசாரித்து, மெந்தேஷோடு வேலை செய்த பெப்போ என்பவர் கிடைத்தார்.

ரபி முன்னால் பெப்போ சொன்னார்: "வார்சாவில இடிஞ்ச வீட்டுக் கல்லையெல்லாம் எங்களைப் பொறுக்க வெச்சாங்க. அங்கதான் அவருக்கு விஷக்காய்ச்சல். நான்தான் கண்ணை மூடிவிட்டேன்."

"போதும்" என்றார் ரபி.

ஜோயா எழுந்திருக்கவில்லை. "என்னைப் பத்தி எதுவும் சொன்னாரா?"

"சொல்லாத நாள் உண்டாம்மா? உங்க பேச்சு எங்களுக்கெல்லாம் மனப்பாடம். காவக்காரன் ஒருத்தன் போனா, 'எம் பொண்டாட்டி பார்த்தா இவனை என்ன சொல்வா தெரியுமா'ன்னு ஆரம்பிப்பாரு. பாதி அவரே கட்டினதாத்தான் இருக்கும். ஆனா சிரிச்சோம்மா. அந்த இடத்துல சிரிச்சோம்."

"அவ்வளவு பேசுவாரா?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே உடைந்துவிட்டாள். திரும்பி வந்தபிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வெளியே காத்திருந்த தாவிகோவிடம், "எம் புருஷன் எனக்கு இன்னைக்குத்தான் செத்திருக்கார். ஒரு வருஷம் பொறுப்பீங்களா?" என்றாள்.

"பொறுக்கிறேன்" என்றார் அவர். "உன்னைக் கூப்பிட வாயைத் திறந்தா எனக்கும் இன்னும் போனவ பேருதான் வருது."

சொன்னபடி ஒரு வருஷம் கழித்துக் கல்யாணம் நடந்தது. ஒரு பெண் பிறந்தாள். சோல் என்று பெயர் வைத்தார்கள். இறந்தவருக்கு வருஷாவருஷம் பிள்ளை சொல்ல வேண்டிய ஜெபத்தை மெந்தேஷுக்குச் சொல்லப் பிள்ளை இல்லை. உறவிலும் ஒருவர் மிஞ்சவில்லை. ஆகவே தாவிகோ உயிரோடு இருந்தவரை, தன் மனைவிக்கும் இரண்டு குழந்தைகளுக்கும் சொல்லி முடித்த கையோடு, மெந்தேஷுக்கும் அவரே சொல்லிவந்தார்.