அலுமாரிக்குள் ஒன்பது நாள்

போன திங்கட்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு எங்கள் தபால்காரர் பியசேன நாற்பத்து மூன்று படிகள் ஏறி வீட்டுக்கு வந்தார். கையில் கடிதம் எதுவும் இல்லை.

கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது என்பதும், வீதியிலிருந்து வாசலுக்கு எத்தனை படிகள் என்பதும் இந்தப் பத்தியை வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும். அலுக்கும் அளவுக்கு எழுதியிருக்கிறேன். கடிதம் இல்லாமல் ஒரு தபால்காரர் அத்தனை படி ஏறுவாரா? இருபத்தேழு வருடச் சேவையில் அவர் அப்படி ஏறியது அன்றைக்குத்தான்.

கதிரையைக் காட்டினேன். உட்காரவில்லை.

"மாத்தயா, அந்தப் புள்ளட லெட்டர் நான் எப்ப தந்த?" என்று தன் சிங்களம் கலந்த தமிழில் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியும். கிழமை தெரியும், மணி தெரியும், அப்போது மழை பெய்ததும் தெரியும். ஆனால் மறுபடியும் கதிரையைத்தான் காட்டினேன்.

இதை எழுதாமல் விடுவதற்கு ஆறு காரணங்கள் யோசித்து வைத்திருந்தேன். ஆறும் என்னைக் காப்பாற்றும் காரணங்களாகவே இருந்தன. அதனால் எழுதுகிறேன்.

'அந்தப் புள்ள' என்று அவர் சொன்னது யோகேஸ்வரியை. பன்விலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து எடுக்கிறார். மூன்று வருடங்களுக்கு முன் பன்வில பஸ் பாதையில் எத்தனை வளைவுகள் என்று இங்கே எழுதியிருந்தேன். மறு வாரம் ஒரு தபாலட்டை வந்தது. 'இரண்டு வளைவு குறைகிறது. அந்த இடத்தில் உங்களுக்குத் தூக்கம் வந்திருக்கும்' என்று இருந்தது. தூங்கியது உண்மை. அப்படித்தான் அறிமுகம்.

அப்போது அவள் பல்கலைக்கழகத்தில் தொடர்பாடல், அதாவது கொமியூனிகேஷன், படித்துக்கொண்டிருந்தாள். இப்போது பட்டம் வாங்கி ஒரு வருடமும் நாலு மாதமும் ஆகிறது. தோட்டத்தில் அந்தப் பட்டத்தை யாருக்கும் விளங்கவைக்க முடியவில்லையாம்.

"போன் ரிப்பேர் பண்ற படிப்பான்னு கேக்குறாங்க சேர். எங்க மாமா, மடவளைல ஒரு கொமியூனிகேஷன் கடை போடப் போறியான்னு கேட்டாரு. போட்டோகொப்பி எடுக்கவா நாலு வருஷம் படிச்சன்னு எங்கம்மா ஒரே அழுக."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அந்த வேளையில் முப்பத்தொரு விண்ணப்பங்கள் போட்டிருந்தாள்.

விண்ணப்பங்களில் போட்டது என் விலாசம். ஏன் என்று வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கென்று தனி விலாசம் இல்லை. கடிதங்கள் தோட்ட ஆபீசுக்குப் போகும். அங்கே ஒரு பெட்டியில் கிடக்கும். அந்தப் பக்கம் போகிறவர் யாராவது பார்த்து எடுத்து வந்தால் உண்டு. ஆகவே படித்த பிள்ளைகள் டவுனில் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவர் விலாசத்தைப் போடுவார்கள். கடைக்காரர், டியூஷன் மாஸ்டர்... இவளுக்கு நான்.

"டவுன் விலாசம்னா கொஞ்சம் மதிப்பாவும் இருக்கும் சேர்" என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. மறைப்பானேன்?

சனிக்கிழமைகளில் வருவாள். கடிதம் இருந்தால் கொடுப்பேன். முப்பத்தொரு விண்ணப்பத்துக்கு ஏழு பதில்கள் வந்தன. ஏழும் ஒரே மாதிரி — மெல்லிய உறை, உள்ளே ஒரே ஒரு தாள், 'தற்போது வெற்றிடம் இல்லை' என்று மூன்று வரி. என் முன்னால்தான் பிரிப்பாள். வாசித்து, மடித்து, பையில் வைத்து, "சரி சேர், போயிட்டு வாறேன்" என்பாள். ஏழு தடவையும் அதே நான்கு சொல். ஏழு தடவை பார்த்துக்கொண்டிருப்பது லேசான காரியமா?

இதற்கிடையில் நான் ஒரு ஆராய்ச்சி செய்து முடித்திருந்தேன். ஐம்பது வருடங்களுக்கு முன் எனக்கு கிளார்க் வேலைக்கு அழைப்பு வந்தபோது உறைக்குள் ஐந்து தாள்கள் இருந்தன. கடிதம் ஒன்று, படிவம் இரண்டு, விதிமுறை ஒன்று, வழிச்செலவுக்கு ஒன்று. ஆகவே அழைப்பென்றால் உறை தடிப்பாக இருக்கும். மெல்லியது என்றால் இல்லை என்று அர்த்தம். நகரசபையில் முப்பத்து நாலு வருடம் தபால் பதிந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா?

தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை, மழையில் பியசேன எட்டாவது கடிதத்தைக் கொண்டுவந்தார். குடை பிடித்துப் போய் வாங்கினேன்.

"இது சரி வரும் போல மாத்தயா" என்றார்.

விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு தாள். "இல்ல பியசேன, இதுவும் மெல்லிசு" என்றேன்.

தீபாவளி வாரத்தில் இதையும் கையில் கொடுப்பதா என்று நினைத்தேன். பண்டிகை முடியட்டும், அடுத்த சனிக்கிழமை கொடுக்கலாம். அலுமாரியைத் திறந்து வெள்ளை வேட்டிகளுக்கு அடியில் வைத்தேன். மனைவி பார்த்துவிட்டாள்.

"அது அவளோட லெட்டருங்க. நல்லதோ கெட்டதோ, அவகிட்டக் குடுத்துடுங்க."

"உனக்கு ஒன்னும் தெரியாது, பேசாம இரு" என்றேன். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது அல்லவா...

மறுநாளே யோகேஸ்வரி வந்தாள். தம்பிக்குத் தீபாவளிச் சட்டை எடுக்க டவுனுக்கு வந்தவள், அப்படியே படியேறி வந்திருந்தாள். கையில் நம் பத்திரிகை.

"இந்த வாரம் எங்களப் பத்தித்தான் எழுதியிருக்கீங்க போல சேர்."

ஆமாம், எழுதியிருந்தேன். உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 'இன்றைய பட்டதாரிகள் வேலையைத் தேடிப் போவதில்லை. வேலை தானாக வந்து கதவைத் தட்டும் என்று வீட்டில் காத்திருக்கிறார்கள்' என்று எழுதி, பதினான்கு பாராட்டுக் கடிதங்கள் வாங்கிய கட்டுரை அது.

"பொதுவாச் சொன்னது. உன்னையில்ல" என்றேன்.

"தெரியும் சேர்" என்றாள். பிறகு கேட்டாள். "லெட்டர் ஏதும் வந்துச்சா?"

"இல்லம்மா" என்றேன்.

ஒரே ஒரு சொல். அலுமாரிக்கும் நான் உட்கார்ந்திருந்த கதிரைக்கும் இடையில் ஒன்பது அடி தூரம்.

தீபாவளி முடிந்தது. அடுத்த சனிக்கிழமை வந்தாள், ஒரு டப்பா முறுக்கோடு. மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். முறுக்கை வாங்கிக்கொண்டு கடிதத்தைக் கொடுத்தேன். முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டேன் — பழக்கம்.

பிரித்தாள். வாசித்தாள். மடிக்கவில்லை.

"இன்டர்வியூ சேர். ரேடியோவுல. செய்திப் பிரிவு."

எனக்கு ஒரு கணம் சந்தோஷம். பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"புதன்கிழமையாம் சேர். போன புதன்கிழமை."

ஒரு தாள்தான். நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட ஒரு தாள் போதுமாக இருந்திருக்கிறது.

"எப்ப சேர் வந்துச்சு இது?"

உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மழையில் நனைந்து முத்திரை மை பரவியிருந்தது. திகதி தெரியவில்லை. அந்த மை மட்டும் தெளிவாக இருந்திருந்தால் நான் நல்லவனாக இருந்திருப்பேனோ என்னவோ.

"நேத்துத்தான் வந்திச்சு. தபால் பிந்திட்டுது போல" என்றேன்.

இரண்டாவது பொய். முதல் பொய்யையாவது அன்பு என்று சொல்லிக்கொள்ளலாம். இதை என்னவென்று சொல்வது?

"பரவால்ல சேர், நீங்க என்ன செய்வீங்க" என்று அவள் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

எழுபத்து நாலு வயதில் ஒருவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை தேவையா? தேவைப்பட்டது. திங்கட்கிழமை காலையே அவள் கண்டிக்கு வந்து கொழும்புக்குப் போன் எடுத்திருக்கிறாள். அந்த நிலையத்தில் நல்ல மனுஷி ஒருவர் பேசியிருக்கிறார். 'வாற புதன்கிழமை இன்னும் கொஞ்சப் பேரைக் கூப்பிட்டிருக்கிறோம். தபால் பிந்தியது என்று தபால் அதிபரிடம் ஒரு கடிதம் வாங்கி வந்தால் உங்களையும் சேர்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லியிருக்கிறார். இவள் நேரே எங்கள் பகுதித் தபால் கந்தோருக்கு ஓடியிருக்கிறாள். தபால் அதிபர் பியசேனவைக் கூப்பிட்டிருக்கிறார்.

பியசேன நாற்பத்து மூன்று படி ஏறியது அதற்காகத்தான்.

"நான் வியாழக்கெழம தந்த. மழ. மாத்தயா குடையோட வந்து கையில எடுத்த. நான் பொய்யா?" என்று கேட்டார்.

இப்போது எழுதப் போவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கஷ்டமானது. நான் அவரைக் கேட்டேன், "பென்ஷனுக்கு இன்னும் எத்தன வருஷம் பியசேன?"

"ரெண்டு."

கணக்குப் போட்டேன். சேவை இருபத்தேழு, மீதி இரண்டு. ஒரு கடிதம் ஒரு வாரம் பிந்தியது என்று அவர் ஒப்புக்கொண்டால் என்ன ஆகும்? விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும். வேலை போகாது. அந்தப் பிள்ளைக்கு வேலை கிடைக்கும். எனக்கு... எனக்கு ஒன்றும் ஆகாது.

"ஒரு சின்ன உதவி..." என்று தொடங்கியும்விட்டேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாத்தயா, இருபத்தேழு வருஷம். எனக்கு மேல ஒரு பெட்டிசன் இல்ல" என்றார். கோபத்தோடு சொல்லவில்லை. நான் என்ன கேட்க வந்தேன் என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "என்னங்க, சட்டையப் போடுங்க. அவரோட போங்க."

போனேன். படிகளை எண்ணவில்லை.

தபால் கந்தோரில் யோகேஸ்வரி சுவரோர மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். முத்திரை வாங்க ஐந்து பேர் வரிசையில். என்னைக் கண்டதும் எழுந்து, "சேரும் வந்துட்டீங்களா? நீங்க சொன்னா நம்புவாங்க" என்றாள்.

ஐந்து பேருக்கும் தபால் அதிபருக்கும் கேட்கும்படிதான் சொல்ல வேண்டியிருந்தது. மெதுவாகச் சொன்னால் என் குரல் எனக்கே கேட்காது. கடிதம் வியாழக்கிழமையே வந்தது. நான்தான் அலுமாரியில் வைத்தேன். நீ கேட்டபோது இல்லையென்றேன். பியசேன மேல் ஒரு குற்றமும் இல்லை. உனக்குத் தீபாவளியில் மனக்கஷ்டம் வேண்டாமென்று...

அவள் என்னைத் திட்டவில்லை. விரல்களை மடக்கி எதையோ எண்ணினாள்.

"ஒம்போது நாளு" என்றாள். "வியாழனுக்கு வந்தது. அடுத்த சனி வரைக்கும் ஒம்போது நாளு சேர்."

உலகத்தில் உள்ளதையெல்லாம் எண்ணுகிற நான் அதை எண்ணியிருக்கவில்லை.

பக்கத்துக் கடையிலிருந்து கொழும்புக்கு நானே போன் எடுத்தேன். தவறு முழுவதும் என்னுடையது, எழுதிக் கையெழுத்து வைத்துத் தருகிறேன், அந்தப் பிள்ளையைப் புதன்கிழமைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"தபால் பிந்தியிருந்தா ஏதாவது செய்யலாம் ஐயா. வீட்டுல வச்சிருந்ததுக்கு எங்களால என்ன செய்ய ஏலும்? எல்லாரும் அப்பிடிச் சொல்லுவாங்களே."

நியாயம்தான். பொய்யாக இருந்திருந்தால் வேலைக்கு வழி இருந்தது. உண்மைக்கு அவர்களிடம் விதி இல்லை.

கடைக்கு வெளியே வந்து அவளிடம் சொன்னேன். தலையசைத்தாள். பஸ் வரும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன். ஏதாவது பேச வேண்டுமே என்று, "இன்னும் இருவத்து மூனு பதில் வர இருக்கு. வந்ததும் அன்னைக்கே உனக்குச் சொல்லி அனுப்புறேன்" என்றேன்.

"வேணாம் சேர். எல்லாருக்கும் விலாசம் மாத்தி எழுதப் போறேன். தோட்டத்து விலாசமே போடுறேன்."

"அங்க பிந்துமே அம்மா."

"பிந்தும் சேர்," என்றாள். "ஆனா வரும்."

பஸ் வந்தது. "போயிட்டு வாறேன்" என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

இந்த வாரம் பியசேன மூன்று நாள் வந்தார். எனக்கு நான்கு கடிதங்கள். அவளுக்கு ஒன்றும் இல்லை. இனி வரவும் வராது. படிக்குக் கீழே நின்றே கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார். நானே இறங்கிப் போய் வாங்குகிறேன்.

பட்டதாரிகளைப் பற்றி நான் எழுதியதைப் பாராட்டிக் கடிதம் போட்ட பதினான்கு பேருக்கும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். வேலை வந்து கதவைத் தட்டத்தான் செய்தது — கதவைத் திறந்து வாங்கி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியவன் நான்.