படுக்கவைத்த ஜப்பான் பாட்டில்

1. காய்ந்த கிளாஸ்

பாருக்கு வந்த முதல் நாளே என்னைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். ஒரகடம் பக்கம், கம்பெனி வேலையாக வரும் ஜப்பான்காரர்கள் தங்குகிற ஓட்டல் அது. இரண்டு வருடம் அங்கே ஹவுஸ்கீப்பிங்கில் இருந்தேன். உத்திரமேரூர் தாலுகா காவாந்தண்டலத்திலிருந்து பஸ் மாறிப் போய், அறை கூட்டி, படுக்கை விரித்து, குளியலறை கழுவுகிற வேலை. பாரில் ஓர் ஆள் நின்றுவிட்டதால், ஓட்டலுக்குள் இருப்பவர்களே விண்ணப்பிக்கலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். நான் போட்டேன். ஏன் போடக்கூடாது?

பார் மேனேஜர் ராகவன் சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஹவுஸ்கீப்பிங் பொண்ணு, உனக்கு விஸ்கி பத்தி என்ன தெரியும்?"

"குடிச்சதில்ல சார். மோந்து பாத்துகீறேன்."

சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காலையில் அறைக்குள் போனால் மேஜைமேல் முந்தின நாள் கிளாஸ் இருக்கும். விஸ்கி காய்ந்த கிளாஸில் சாராய நெடி போய்விடும். அது ஊறிக்கிடந்த மரப்பீப்பாயின் வாசனை மட்டும் அடியில் நிற்கும். கழுவுவதற்கு முன் ஒவ்வொன்றையும் மோந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் பாட்டிலையும் பார்த்துக்கொள்வேன். ஒன்றில் உலர்ந்த திராட்சை, ஒன்றில் அடுப்புப் புகை, இன்னொன்றில் கொப்பரையும் ஊதுவத்தியும். யாரும் சொல்லித் தரவில்லை. எனக்குப் பிடித்திருந்தது, செய்தேன்.

சார் மூன்று கிளாஸில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றி, பாட்டிலை மறைத்துவிட்டு நீட்டினார். மோந்தேன்.

"இது ரெண்டாவது மாடி கோடி ரூம்காரரு குடிக்கிறது. இது புகை வாசனை, கண்ணாடி போட்டவரு ரூம்ல கீது. இது ரெண்டும் இல்ல, நம்ம ஊரு சரக்கு."

மூன்றும் சரி. சார் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஆறு மாதம் பார்க்கலாம் என்றார். ஆறாவது மாதம் கன்ஃபர்மேஷன் லெட்டர் வந்தால் பாரில் நிரந்தரம். வராவிட்டால் பழையபடி அறை துடைக்கிற மாப்பு.

வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னாடி எஸ்தரு இது? கூட்டிப் பெருக்கிக்கினு கெடந்தியே, அது போதாதா? ஊர்ல இன்னா பேசிக்கினு கீறாங்க தெரியுமா?"

"பேசுறவங்க வூட்டு ஆம்பளைங்க கடை வாசல்ல உழுந்து கெடந்தப்ப இன்னா பேசனாங்களாம்?"

அம்மா முனகிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். மறுநாளும் சோறு கட்டிக் கொடுத்தாள்.

2. வைன் அலமாரி

பாரில் ஒரு வழக்கம் உண்டு. புது பாட்டிலைத் திறக்கிறவர்தான் அதை முதலில் மோந்து, நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால்தான் விருந்தாளிக்குப் போகும். வாய் குறுகின கிளாஸில் ஒரு மடக்குக்கும் குறைவாக ஊற்று. மூக்கை உள்ளே நுழைக்காதே. வாயை லேசாகத் திறந்தபடி மேலாக இழு. பிறகு இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால், அடைந்து கிடந்த வாசனையெல்லாம் எழும்பும். நாக்கு முழுக்கப் பரவவிட்டுத் துப்பிவிடு. நான் ஒரு சொட்டும் விழுங்கியதில்லை. "குடிக்காதவளுக்கு என்ன ருசி தெரியும்?" என்று கிச்சன் ஆட்கள் கேலி செய்வார்கள். உப்புப் பார்க்கிற நீங்கள் குண்டான் சாம்பாரையுமா குடிக்கிறீர்கள் என்று கேட்பேன்.

ஜப்பானில் ஒரு மரம் இருக்கிறது. அதில் செய்த பீப்பாயில் வருடக்கணக்காகக் கிடந்த சிங்கிள் மால்ட் விஸ்கி என்றால் தனி மரியாதை. மேனேஜர் கொடுத்த அட்டையில் அதற்கு "பேரிக்காய், தேன், சந்தனம்" என்று போட்டிருந்தது. என் நோட்டில் நான் வேறு மாதிரி எழுதினேன்: கொப்பரை, ஊதுவத்தி, கடைசியில் நெல் அவிக்கும்போது முதலில் எழும்பும் ஆவி. அம்மா அரிசி மில்லில் நெல் அவித்தவள். அந்த ஆவியில் வளர்ந்த மூக்கு வேறு எதைச் சொல்லும்?

"இதையெல்லாம் கெஸ்ட் கிட்ட சொல்லித் தொலைக்காதே" என்றார் சார். சொன்னேன். அரிசி தின்கிற ஊர்க்காரர்கள் அவர்கள், உடனே புரிந்துகொண்டார்கள்.

அந்த வகையில் இரண்டு பாட்டில்கள் வந்தன. இன்னொரு முறை கிடைக்குமா என்பது சந்தேகம். சார் வைன் பக்கத்திலிருந்து வந்தவர். வைன் பாட்டிலைப் படுக்கவைப்பார்கள். தக்கை ஈரமாக இருந்தால் காற்றுப் புகாது. அதே கணக்கில் ஒரு விஸ்கி பாட்டிலையும் விளக்குப் போட்ட வைன் அலமாரியில், பார்வைக்காகப் படுக்கவைத்தார்.

"சார், விஸ்கிய நிக்கத்தான் வைக்கணும். வைன் மாதிரி இல்ல இது, காரம் ஜாஸ்தி. படுக்க வச்சா தக்கைய அரிச்சிடும்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

கோடை முழுக்க அந்த பாட்டில் படுத்தே கிடந்தது. இன்னொன்று நல்லவேளையாக ஸ்டோரில், அட்டைப் பெட்டிக்குள் நின்றுகொண்டிருந்தது.

3. ஆறு கிளாஸ்

மோரி என்ற ஜப்பான் அதிகாரி வேலை முடிந்து ஊர் திரும்புகிறார். வழியனுப்ப ஐந்து பேர் வந்திருந்தார்கள். சாயந்திரம் ஆறு மணிக்கு அவர்களுக்கு சார் ஏற்பாடு செய்த விஸ்கி டேஸ்டிங். என் ஆறு மாதம் முடிய அப்போது ஒரு வாரம்தான் பாக்கி.

அலமாரி பாட்டிலை எடுத்துத் தக்கையைத் திருகினேன். பாதி கையோடு வந்தது. பாதி பொடிப்பொடியாக உள்ளே விழுந்தது. மோந்தேன். மழையில் நனைந்து ஒரு வாரம் மூலையில் கிடந்த கோணி நாற்றம். கொப்பரை இல்லை, ஊதுவத்தி இல்லை, ஒன்றுமே இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எத்தனை வருடம் பொறுமையாகக் கிடந்த பொருள்!

சார் காதருகே போய்ச் சொன்னேன்.

"கெட்டுப் போச்சு சார். ஸ்டோர்ல இன்னொண்ணு கீது, எடுத்தாறேன்."

"அது ஸ்மோக்கி ஸ்மெல். வடிகட்டி ஊத்து."

"புகை வாசனை எனக்குத் தெரியும் சார். இது ஈரக் கோணி."

"ஊத்துறியா, இல்ல நாளையிலேர்ந்து மாப்பு புடிக்கிறியா?"

"ஊத்த மாட்டேன் சார்."

சொல்லிவிட்டேனே தவிர, கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. சார் பாட்டிலைப் பிடுங்கி, தானே வடிகட்டி, ஆறு கிளாஸிலும் ஊற்றினார். அட்டையைப் பார்த்துப் பேரிக்காய், தேன் என்று ஒப்பித்தார். அவர்கள் மோந்தார்கள்; ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மோரி உதட்டை நனைத்துவிட்டு, தலையை ஆட்டி "குட், குட்" என்றார். சார் என் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா?"

கேட்டேன். ஐந்து நிமிடத்தில் எல்லாரும் பீர் கேட்டதையும் கேட்டேன். பார் வேலை செய்கிறவள் வாயைப் பார்க்கக்கூடாது, கிளாஸைப் பார்க்க வேண்டும். விருந்து வைத்தவர் முகத்துக்கு நேராக அவர்கள் குறை சொல்லமாட்டார்கள். ஆறு கிளாஸிலும் ஊற்றின அளவு ஊற்றினபடி இருந்தது.

ஆறையும் தட்டில் எடுத்துக்கொண்டேன். மோரியை வழியனுப்ப ஓட்டலின் ஜெனரல் மேனேஜர் மேடம் வந்து கவுண்டர் அருகே சார் பக்கத்தில் நின்றிருந்தார். தட்டை சார் முன்னால் நீட்டினேன்.

"நல்லா கீதுன்னுதான ஊத்துனீங்க சார். ஒண்ணு குடிங்க."

சார் முகம் சிவந்தது. மேடம் பார்க்கிறாரே என்று ஒரு கிளாஸை எடுத்தார். மூக்குவரை கொண்டுபோனார். திரும்ப வைத்துவிட்டார்.

மேடமும் ஒன்றை எடுத்து மோந்தார். "எஸ்தர், வேற பாட்டில் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

நின்றிருந்த பாட்டிலைத் திறந்து, மோந்து, நாக்கில் வைத்துப் பார்த்து, நானே ஊற்றினேன். இந்த முறை யாரும் "குட்" சொல்லவில்லை. மோரி கிளாஸை இரண்டு உள்ளங்கைகளுக்குள் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஆறு கிளாஸும் சொட்டு மிச்சமில்லாமல் திரும்பி வந்தன.

4. சாரி

மறுநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மேடமும் சாரும் இருந்தார்கள்.

"நீ சொன்னது சரிதான். ஆனா எல்லார் முன்னாடியும் அப்படிப் பண்ணது தப்பு. தனியா சொல்லியிருக்கணும். சாருக்கு ஒரு சாரி சொல்லிடு, லெட்டர் ரெடி பண்ணிடலாம்" என்றார் மேடம்.

"தனியாத்தான் மேடம் சொன்னேன். படுக்க வச்ச அன்னிக்கே சொன்னேன். நேத்து காதுல சொன்னேன். ரெண்டு வாட்டி கேக்கல. அப்பறந்தான் தட்டுல வச்சிக் காட்டுனேன். எதுக்கு சாரி?"

சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் போகச் சொன்னார்.

ஆறு மாதம் முடிந்தது. லெட்டர் வரவில்லை. மாப்பு பிடிக்கவும் யாரும் சொல்லவில்லை. தினமும் பார் யூனிஃபார்மை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போய் நின்றேன். சார் என்னிடம் பேசவில்லை, நானும் பேசவில்லை. பயமாகத்தான் இருந்தது. இருபது நாள் கழித்து லெட்டர் வந்தது. கீழே சார் கையெழுத்து. சாரி சொல்லாமலே வாங்கினேன். எந்தப் பாட்டிலும் அதற்குப் பிறகு அந்த அலமாரியில் படுக்கவில்லை, வைனைத் தவிர.

இப்போது நான் சூப்பர்வைசர். எங்கள் பக்கத்து ஊர்ப் பெண்கள் மூன்று பேர் பாரில் வேலை செய்கிறார்கள். வாசனைக்கு என்ன பேர் வைப்பது என்று கேட்கிறார்கள். உனக்குத் தெரிந்த பேரை வை என்கிறேன். அதைவிட முக்கியமாக ஒன்று சொல்கிறேன்: கால் நடுங்கினால் நடுங்கட்டும், கெட்டதென்று மூக்கு சொன்னால் ஊற்றாதே. ஊற்றியே ஆக வேண்டும் என்கிறவரை முதலில் குடிக்கச் சொல்.